கறுப்புப் பூசிய டயர்

தன் பழைய டிராக்டரின் பின்சக்கரத்துக்கு டயர் தெரிவுசெய்வதை டயர் கடை ஜெயரூபனிடமே விட்டுவிட்டு, டென்மார்க்காரக் கிழவர் கோப்பி குடிக்கப் போனார்.

"உது பன்னிரண்டு வருசப் பழசெல்லே?" கூட வேலை செய்யும் பரமானந்தம் கேட்டார்.

"கறுப்பு அடிச்சால் புதுசுதான், அண்ணை. வயலுக்குள்ளைதானே உருளப்போகுது?"

மாட்டி முடித்ததும் கிழவர் கையை இறுகப் பற்றி நன்றி சொன்னார். ஜெயரூபனுக்குக் கொஞ்சம் கூசியது.

சனிக்கிழமை, பள்ளி இறுதிப் பரீட்சையில் தேறிய மகள் சாரங்கியின் வகுப்பு, அந்நாட்டு வழக்கப்படி ஒவ்வொரு மாணவர் வீட்டுக்கும் ஊர்வலமாக வந்தது. ஜெயரூபன் பொரித்த றோல்ஸ் தட்டோடு வாசலுக்கு ஓடினார்.

தேறியவர்களுக்கான வெள்ளைத் தொப்பிகளுடன் முப்பது பிள்ளைகள் துள்ளிய இழுவைப் பெட்டியை இழுத்து வந்தது, கிழவர் ஓட்டிய அதே டிராக்டர். அவர் கண் பின்சக்கரத்தை விட்டு எழவில்லை.

மேலே நின்று மகள் பெருமையோடு கத்தினாள்: "அப்பா, ஏமாத்தாத கடையெண்டு நான்தான் இவரை உங்களிட்டை அனுப்பினனான்!"