பின்னால் கேட்கும் சத்தம்

"இந்தச் சத்தத்த மட்டும் எடுத்துடலாம்க்கா."

பெனாசிர் நீட்டிய போனை அவள் குனிந்து பார்த்தாள்.

போன் திரையில் அவளேதான் நிற்கிறாள். தலைக்கு மேல் எடைத் தட்டுகள் மாட்டிய இரும்பு பார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்.

"தூக்குமே! அப்டித்தான்! தூக்கு, தூக்கு!"

பெனாசிர் கெட்டிக்காரப் பெண். டியூஷன் சென்டர், பார்லர், பிரியாணிக் கடை என்று சத்துவாச்சாரியில் பாதிப் பேருடைய பேஜ் அவள் கையில்தான் ஓடுகிறது. இந்தப் பெண்கள் ஜிம்மின் பேஜுக்கும் உயிர் கொடுத்துவிடலாம் என்று மதியத்திலிருந்து பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நீங்க ஸ்டேட் ப்ளேயரு, உங்களுக்கு நான் சொல்லணுமா? முதல் தூக்குலயே சொதப்புனா ஜனம் எழுந்து போய்க்கினே இருக்கும். ரீல்ஸும் அப்டித்தான். தினம் ஒண்ணு போடணும், ப்ராக்டிஸ் மாதிரி. தூக்க முடியாம கீழ விட்டீங்க பாருங்க, அதையும் போடணும். அதத்தான் ஆளுங்க நின்னு பாப்பாங்க."

எல்லாம் சரிதான். அவளுடைய பழைய கோச்சும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார், கூடவே நாலு திட்டும் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"இந்த ஆளு சத்தம்தான்க்கா பிரச்சினை. கமெண்ட்டப் பாருங்க."

பார்த்தாள்.

ஜிம்மா, மீன் மார்க்கெட்டா?

யாருய்யா அது, லவுட் ஸ்பீக்கர முழுங்கிட்டானா?

லேடீஸ் ஜிம்னு போட்டுட்டு உள்ள ஒரு ஆம்பள கத்துறான். நாங்க எப்டி வர்றது?

முதல் இரண்டையும் அவளே அவரிடம் பல தடவை கேட்டிருக்கிறாள். மூன்றாவதுதான் சுட்டது.

தணிகாசலம் அவள் புருஷன். வாழ்நாளில் அவர் தூக்கிய பெரிய எடை ஒரு சிப்பம் அரிசி. அதற்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாயில் கிடந்தார். ஆனால் அவள் பாரைத் தொட்டால் போதும், மனுஷனுக்குச் சாமி வந்துவிடும். தூக்கறது நான், தொண்டை கட்டறது உனக்கா என்று சிரிப்பாள். உப்பு போட்டு வெந்நீரில் கொப்பளித்துவிட்டு மறுநாளும் வந்து கத்துவார்.

போன பங்குனியில், பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டார். மாரடைப்பு.

அதற்கப்புறம் அவள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதோடு சரி. தான் பாரைத் தொடவில்லை. பேஜில் புதிதாக ஒன்றும் ஏறவில்லை. ஜிம்மை மூடிவிட்டார்கள் என்று ஊர் பேசிக்கொண்டது. இப்போது வருவது நாலே பெண்கள். தீபாவளிக்குள் ஆள் சேராவிட்டால் இந்த மாடி ஹாலை விட்டுவிட வேண்டியதுதான்.

அவர் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம் இது. இந்த இடம் நிலைக்க வேண்டுமென்றால் அவர் குரல் போக வேண்டும். நல்ல நியாயம்டா சாமி.

"பழசையெல்லாம் உங்க போனுக்கு அனுப்பிடறேன்க்கா. எங்கயும் போயிடாது."

போனில் இருந்து என்ன செய்ய? உட்கார்ந்து கேட்டால் அழுகைதான் வரும். அது எடையைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய குரல்.

"யாருக்கா அவரு, கோச்சா?"

"தெரிஞ்சவரு."

இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவர், தெரிஞ்சவராம். நாக்கு அழுகிப் போகாதா என்று தன்னையே வைதுகொண்டாள்.

"எடுத்துடும்மா" என்றாள்.

பெனாசிர் பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். சத்தத்தை எடுத்தாள். பாட்டைச் சேர்த்து மறுபடி ஏற்றினாள்.

ஒவ்வொரு தடவையும் "தூக்கு" வரை கேட்டது. அப்புறம் பாட்டு வந்துவிட்டது.

அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். வெகுநேரம் முகம் கழுவினாள்.

"சூட்டோட சூடா புதுசா ஒண்ணு எடுத்துடலாம்க்கா. லேசா தூக்குனாப் போதும்."

முடியாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனாலும் பாரில் தட்டுகளை மாட்டினாள். பழைய எடையில் பாதிகூட இல்லை. உள்ளங்கையில் சாக் பவுடரைத் தேய்த்தாள்.

குனிந்தாள்.

பார் மார்புக்கு வந்தது. ஒரு மூச்சு. தலைக்கு மேலே போயிற்று. முழங்கைகள் நேராயின. கால்களைச் சேர்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். உடம்பு எதையும் மறக்கவில்லை.

போட்டியில் தூக்கினால் மட்டும் போதாது. நடுவர் சைகை காட்டும்வரை அப்படியே நிற்க வேண்டும். அதற்கு முன்னால் போட்டுவிட்டால் தூக்கியது செல்லாது. இந்த ஹாலில் நடுவர் ஏது? தணிகாசலம்தான் ஒரு கையில் போனோடு அவளை மேலும் கீழும் பார்த்து, மறு கையை இறக்கி, "போடுமே" என்பார். ஒரு நாளும் அவள் தானாகப் போட்டதில்லை.

"சூப்பர்க்கா!"

கத்திவிட்டுப் பெனாசிர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தன் சத்தமும் பதிவாகிவிட்டதே. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து எடுக்க ஆரம்பித்தாள்.

ஹாலில் இப்போது ஒரு சத்தமும் இல்லை.

அவளுடைய கைகள் நடுங்கத் தொடங்கின. பாரைப் போடாமல் நின்றாள்.