இரண்டு துளைகள்

காலை வெயில் அமெரிக்காவின் அயோவா மாநிலச் சோளக்காட்டைத் தாண்டிப் பெரியவர் வெர்லினின் வீட்டுப் புல்வெளியில் விழுகிறது. அங்கே கம்பிக்கால் பதிந்த இரண்டு துளைகள். தேர்தல் ஆதரவுக்காக நட்டிருந்த குடியரசுக் கட்சி வேட்பாளரின் பெயர்ப்பலகையைச் சற்று முன்தான் வெர்லினே பிடுங்கிக் கார் கொட்டகையில் ஒளித்துவைத்தார். இந்த முறை அந்த ஆளுக்கு ஓட்டுப் போட மனசு ஒப்பவில்லை. பக்கத்து வீட்டு டுவேன் வண்டியை நிறுத்துகிறார். "உன் பலகையையும் தூக்கிட்டானுங்களா, திருட்டுப் பசங்க? விடுப்பா, எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு." ஆயுசு முழுக்க இருவருக்கும் ஒரே கட்சி, தேவாலயத்தில் ஒரே பெஞ்சு. "ஆமாப்பா, தூக்கிட்டானுங்க," என்கிறார் வெர்லின். டுவேன் புதுப் பலகையை அதே துளைகளில் இறக்குகிறார். "இனி எவன் பிடுங்குறான்னு பாப்போம்." பலகை லேசாக ஆடுகிறது. காதுமடல் சுட, வெர்லின் குனிந்த தலையோடு வந்து, சுற்றியுள்ள மண்ணைத் தன் காலாலேயே மிதித்து இறுக்குகிறார்.