வேலியோரம் மூணு வரிசை

"பாவி மனுசன்! வேணும்னே நோயை வளத்து வச்சிருக்கான் பாருங்க மேடம்!"

கந்தம்மாள் போட்ட சத்தம் மலை உச்சி வரைக்கும் கேட்டிருக்கும். கேட்டு என்ன செய்ய? பெரும்பாறைக்குக் கீழே அந்தச் சரிவில் இருப்பதே ரெண்டு திராட்சைத் தோட்டம். ஒன்று அவளுடையது. இன்னொன்று நல்லசாமியுடையது.

புருஷன் செத்ததும் அவள் பூச்சிமருந்தை நிறுத்தினாள். இயற்கை விவசாயச் சான்றிதழுக்கு எழுதிப் போட்டாள். அத்தோடு விட்டாளா? அதுவரை அண்ணே என்று தான் கூப்பிட்டு வந்த நல்லசாமியைச் சந்தையில் வைத்து, "நீ வெவசாயியா? வெசம் விக்கிறவன்!" என்று கேட்டுவிட்டாள்.

அதோடு பேச்சு அறுந்தது. நாலு வருஷம்!

மகள் ஷர்மிளா சென்னையில். வாரம் ஒரு போன். மற்றபடி பந்தலுக்கடியில் கொடிகளோடுதான் பேச்சு. ஒத்தை ஆளுக்குச் சோறு பொங்கி அவளுக்கே வெறுத்துப்போச்சு.

பழம் வாங்கும் ஒயின் கம்பெனி எதையும் கலக்காது. கழுவாமலே நசுக்கும், தோலில் இருக்கிற வெண்பொடியே புளிக்க வைத்துவிடும். துளி மருந்து பட்டிருந்தாலும் பழம் வேண்டாம் என்பார்கள். சான்றிதழ் போனால் தோட்டமும் போச்சு.

அதனால்தான் சான்றிதழ் ஆபீசிலிருந்து சோதனைக்கு வந்த சத்தியபிரியாவிடம் இந்தப் புலம்பல். வேலிக்கு அந்தப் பக்கம் நல்லசாமியின் மூணு வரிசை சாம்பல் நோயில் கருகிக் கெடந்தது.

"இது எனக்குப் பரவணும்னே விட்டு வச்சிருக்கான்!"

"போன மாசம் எடுத்த இலையில மருந்து இல்லம்மா. இந்த வருஷச் சான்றிதழும் வந்துரும்."

"வராம? நான் ஒரு சொட்டு அடிச்சதில்லையே!"

"நீங்க அடிக்காட்டியும் பக்கத்துல அடிச்சாக் காத்து கொண்டாந்துரும்ல? நடுவுல இடம் விடணும். நீங்க வேலி வரைக்கும் கொடி வச்சிருக்கீங்க. மொத வருஷமே உங்க மனுவைத் தள்ளியிருப்பாங்க."

"பின்னே எப்படிக் குடுத்தீங்க?"

சத்தியபிரியா தயங்கினாள். பிறகு ஃபைலில் இருந்து பழைய தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். "சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்."

கந்தம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

'வேலியோரம் மூணு வரிசைக்கு நான் இனி மருந்து அடிக்க மாட்டேன். காய் போனால் போகட்டும். என் தங்கச்சி கந்தம்மாளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா வீம்புக்கு வேண்டாம்னு சொல்லும். இப்படிக்கு, நல்லசாமி.'

தேதியைப் பார்த்தாள். சந்தையில் அவள் திட்டியதற்கு மறுநாள்.