இருபது அடி வட்டம்

முனீஸ்வரர் கோயிலுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மண்வாரி இயந்திரத்துக்கு நேர் எதிரே சட்டமாக உட்கார்ந்திருந்தார் தம்புசாமி. நெற்றி நிறையத் திருநீறு. முடிந்தால் தன்னைத் தாண்டி ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்க்கச் சொன்னார். ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கிக்கொண்டான்.

சேதி கேட்டுக் கிள்ளான் பாசாரில் வாங்கிய மீனைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள் தனலெட்சுமி. அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது. வேறு எவனாவது மறித்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள், இது பெற்ற அப்பா ஆயிற்றே!

பழைய கார் பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய தொழிற்சாலை இருந்த நிலம் அது; கோயிலும் அதற்குள்ளேதான். மூடிப் பன்னிரண்டு வருடமாகியும் விஷம் மண்ணை விட்டுப் போகவில்லை. பக்கத்து அடுக்குமாடியில் வளர்ந்த அவள் மகள் தாமரையின் இரத்தத்தில்கூட ஈயம் ஏறியிருந்தது.

அதற்காகத்தான் ஆறு வருடம் நாயாய்ப் பேயாய் அலைந்து, அந்த மண்ணைச் சுத்தம் செய்ய அறுபது இலட்சம் வெள்ளி அரசாங்க மானியம் வாங்கியிருந்தாள். இந்த வாரம் வேலை தொடங்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைக்கிறாரே மனுஷன்!

அரசாங்க அதிகாரி யுகேந்திரன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கோயில் விவகாரம், தொட்டால் நாளைக்கு நாடு முழுக்க வீடியோவாகச் சுற்றும் என்று அவருக்குப் பயம்.

"நீங்களே பேசிப் பாருங்க லா, அக்கா" என்றார்.

கூடியிருந்தவர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். கிழவர் கோயிலுக்குக் கூடுதல் நிலம் கேட்கிறார் என்றார்கள் சிலர். இருபது வருடம் அந்தத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவருக்குச் சாமி மேல் பாசம் இருக்காதா என்றார்கள் வேறு சிலர். எச்சில் கையால் காக்கை ஓட்டாத அந்த முதலாளியே தன் கைக்காசைப் போட்டு, தானே இடம் பார்த்து, கெட்டியாகச் சிமெண்டுத் தளம் போட்டுக் கட்டிக்கொடுத்த கோயில் அல்லவா!

தனலெட்சுமி அப்பா எதிரில் போய் நின்றாள்.

"எந்திரிங்கப்பா. இல்லன்னா நானே போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. பிளான மாத்தாம இங்க வேலை நடக்காது."

"பேத்தி ஒடம்பு உங்களுக்குப் பெருசாத் தெரியலையா?"

தம்புசாமி கோயில் பக்கம் கையைக் காட்டினார். "இந்தச் சாமி முன்னால கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணவன்மா நான்."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சத்தியமாம் சத்தியம்! யுகேந்திரன் கையிலிருந்த வரைபடத்தைப் பிடுங்கி அப்பா மடியில் விரித்தாள். கோயில் மேல் கை வைக்கக்கூடாது என்று அதற்கும் சேர்த்துத்தான் அவள் சண்டை போட்டிருந்தாள். கோயிலைச் சுற்றி இருபது அடிக்குச் சிவப்பு வட்டம். அதற்குள்ளே ஒரு மண்வெட்டிகூட விழாது என்று எழுத்திலேயே வாங்கியிருந்தாள்.

"பாத்துக்குங்க. உங்க சாமிய ஒருத்தனும் தொடமாட்டான். இதுக்கு மேல என்ன வேணும்?"

தம்புசாமி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மகளைத் தாண்டி அதிகாரியிடம் போனார்.

"வாய தொறக்கமாட்டேன்னு முதலாளி எங்கிட்ட சத்தியம் வாங்கினான். இன்னைக்கு அத மீறுறேன். சாமி கண்ணக் குத்தட்டும், போலீஸ் உள்ள போடட்டும், எனக்குக் கவலையில்ல."

"என்ன அங்கிள் சொல்றீங்க?" என்றார் யுகேந்திரன்.

"சாமியத் தூக்கி வெளிய வச்சிட்டு அந்த வட்டத்துக்குள்ள தோண்டுங்க சார், நாப்பது ட்ரம்மு விஷத்தையும் கோயிலுக்கு அடியிலதான் பொதச்சோம்."