பழைய துப்பாக்கிக்கு என்ன விலை?

மதிப்பீட்டாளருக்கு அலுத்துப்போயிருந்தது. பரணில் கிடந்ததை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்து ஆசையோடு நிற்பவர்களிடம், "இது ஒண்ணும் தேறாதும்மா" என்று சொல்லிச் சொல்லியே வாய் கசந்துவிட்டது.

இந்தப் பெண்ணும் வெகுநேரமாக பெஞ்சில் காத்திருந்தாள். தூக்கமில்லாமல் கண்கள் சிவந்திருந்தன.

"மாமனாரோட துப்பாக்கி சார். நீங்க சொல்ற விலையிலதான் எங்க குடும்பமே இருக்கு."

எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். பெருமூச்சு விட்டபடி, மெல்லிய துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துப்பாக்கிக் குழலை வருடினார். அழுக்குக்கு அடியிலிருந்து, அதைச் செய்தவரின் முத்திரை எட்டிப்பார்த்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதிர்ஷ்டக்காரிம்மா நீங்க! அபூர்வமான துப்பாக்கி, விலை எங்கேயோ போகும். வீட்டுல யாரையும் அழுத்தித் தேய்க்க விட்டுடாதீங்க. இந்த முத்திரையும் பழைய நிறமும் போயிட்டா வெறும் இரும்புதான்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் தேறாதுன்னு சொல்லுவீங்கன்னுதானே சார் வந்தேன்! மாமா போனதிலிருந்து என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் இது எனக்குத்தான் எனக்குத்தான்னு முட்டிக்கிறாங்க. ஒரே வீட்டுல முகம் குடுத்துப் பேசுறதில்ல. குளியலறை காலியாச்சான்னு கேக்கக்கூட நான்தான் தூது போறேன். ஓய்ஞ்சுட்டேன் சார். பைசா பெறாதுன்னு எழுதிக் குடுங்களேன்."

"பொய் எழுத மாட்டேம்மா."

"பொய் வேண்டாம் சார்." துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஒரு உப்புத்தாள் மட்டும் குடுங்க."