நெற்றியில் ஒரு வெள்ளை

“அண்ணாச்சி, யோசிச்சுத்தான் சொல்லுதீரா?” பேர் எழுதிக்கொண்டிருந்த மந்திரமூர்த்தி பேனாவைக் கீழே வைத்தார். “பால்பல்லே இன்னும் விழாத குட்டி. புதுப்பூட்டுல விடும்வே. பெரிய குதிரைக்குச் சமமா ஓடினா நெஞ்சடைச்சு விழுந்துரும்.”

“விழுந்தா விழட்டும். பெரிய குதிரையிலயே எழுதும்” என்றார் வைத்தியலிங்கம்.

கோயில் கொடைத் திருவிழாவை ஒட்டி ஆழ்வார்குறிச்சி ரோட்டில் நடக்கும் குதிரைவண்டிப் பந்தயம் அது. முதன்முதலாக வண்டியில் பூட்டும் குட்டிகளுக்குப் புதுப்பூட்டு என்று ஒரு பிரிவு உண்டு. ஆனால் பெரிய குதிரைப் பிரிவில் ஜெயித்தவரைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கும். பேட்டையில் லேத் பட்டறை நடத்தும் வைத்தியலிங்கம் ஆறு வருஷமாக அதில் குதிரை விட்டு, ஆறு வருஷமும் அடுத்தவருக்குக் கை தட்டிவிட்டு வந்தவர். அந்த முதல் பரிசுக்காக எதையும் செய்யலாம் என்ற நிலைக்கு வந்திருந்தார். செய்தும் விட்டார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். அது குட்டியே அல்ல என்ற ரகசியம் ஒரு மாசமாக அவர் வயிற்றுக்குள் கிடந்தது.

உடன்குடிப் பக்கம் சிலுவைமுத்து என்பவர் இந்தக் கறுப்புக் குதிரையை விலைக்கு வைத்திருந்தார். பார்க்கப் போன வைத்தியலிங்கம் சும்மா அதன் நெற்றியைத் தடவினார். விரலில் மை ஒட்டியது. மை போன இடத்தில் ரூபாய்க்காசு அளவு வெள்ளை. இரண்டு வருஷம் தொடர்ந்து ஜெயித்த ‘மின்னல்’ என்ற குதிரை கொட்டடியிலிருந்து திருடுபோனதும், அதன் படம் எல்லார் வாட்ஸ்அப்பிலும் சுற்றியதும் நினைவுக்கு வந்தன. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளை.

பல்லைப் பார்த்தால் குட்டிப் பல்தான். ஆனால் அரத்தால் ராவினால் எதையும் புதுசாக்கிவிடலாம் என்பது லேத் பட்டறைக்காரருக்கா தெரியாது? பல்லையும் ராவியிருக்கிறான், கைகாரப் பயல் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார். பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்தார். ரசீது கிசீது எதுவும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மனைவி விஜயஸ்ரீயின் தலைச்சாயத்தை எடுத்துக் குதிரையின் நெற்றியில் இன்னொரு பூச்சு பூசினார்.

கொடி அசைந்தது. வண்டிகள் புழுதிக்குள் மறைந்தன. எல்கைக் கல்லைச் சுற்றித் திரும்பி வந்தபோது முன்னால் வந்தது குட்டிதான். அதற்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே ஒரு பஸ் நுழையலாம். வைத்தியலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். வேர்வையில் சாயம் கரைந்து குட்டியின் மூக்குவரை ஒழுகி, நெற்றியில் வெள்ளை தெரிந்தது.

“ஏலே, மின்னலு லே! களவுபோன மின்னலு!” என்று யாரோ கத்தினார்கள்.

பந்தோபஸ்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “யாருவே சொந்தக்காரர்?”

வைத்தியலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். பரிசு போனால் போகட்டும், ஜெயிலுக்குப் போகாமல் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. நல்லவேளையாக, வேடிக்கை பார்க்க வந்திருந்த சிலுவைமுத்து கண்ணில் பட்டார்.

“அந்தா நிக்காரு பாருங்க, அவரு குதிரை சார். நான் விலைக்கே வாங்கலை. ஓட்டிப் பாக்கத்தான் கேட்டேன்.”

“அதை அப்படியே எழுதிக் கொடும்.”

எழுதிக் கொடுத்தார். யாரும் கேட்காமலே கையெழுத்தை இரண்டு தடவை போட்டார். மந்திரமூர்த்தி சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

சிலுவைமுத்து சண்டைக்கு வருவார் என்று வைத்தியலிங்கம் பயந்தார். அவரோ அந்தத் தாளை நிதானமாக வாசித்துவிட்டு, “ஆமா சார், என் குதிரைதான். ஒரு வாளித் தண்ணியும் சோப்பும் கொடுங்க” என்றார்.

நெற்றியைத் தேய்த்தார். மிச்சமிருந்த கறுப்பு போனது. இன்னும் அழுத்தித் தேய்த்தார். வெள்ளையும் போனது. அடியில் பிறவிக் கறுப்பு.

அங்கே இருந்த கால்நடை டாக்டர் குதிரையின் வாயைப் பிளந்து பார்த்தார். “ராவலும் இல்லை, ஒண்ணும் இல்லை. ரெண்டரை வயசு. அசல் குட்டி சார்.”

“வெறும் குட்டின்னா யாரு சார் அந்த வெலை கொடுப்பா? அதான் கொஞ்சம் வெள்ளையடிச்சு, மேல மை தடவினேன். மின்னலுன்னு நான் யாருட்டயும் சொல்லலையே.” சிலுவைமுத்து தலையைச் சொறிந்தார். “ஆனா இது இந்த ஓட்டம் ஓடும்னு சத்தியமா எனக்கே தெரியாது.”

மந்திரமூர்த்தி நோட்டில் ஒரு பேரை அடித்துவிட்டு இன்னொன்றை எழுதி, மைக்கைப் பிடித்தார்.

“பெரிய குதிரைப் பிரிவு, முதல் பரிசு, உடன்குடி சிலுவைமுத்து அண்ணாச்சி!”