சத்தம் போடாத பசை

"பசை நல்லா ஒட்டுது பாய். ஆனா சத்தமே வரமாட்டேங்குது" என்று டப்பாவைத் திருப்பி வைத்தார் சென்றாயன்.

முகம்மது கவுஸ் பென்னாகரத்தில் ஹார்டுவேர் கடை திறந்த நாளிலிருந்து, பசை சத்தம் போடவில்லை என்று யாரும் குறை சொன்னதில்லை.

கடைவீதிக்குப் பின்னால் கவுஸுக்கு ஒரு லைன் வீடு இருக்கிறது. அதில் ஒரு போர்ஷனில் தனியாகக் குடியிருப்பவர் சென்றாயன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு மாதமாகப் பொம்மை ரயில் பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது. பிளைவுட் பலகையில் விரலகலத் தண்டவாளம் போட்டு, டீ வடிகட்டியில் சலித்த கல்பொடியை ஜல்லியாகப் பரப்பி, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகப் பசை விட்டு இறுக்குவார்.

முதலில் மைதாப் பசை. எறும்புகள் திரண்டு வந்து, ரயிலை நடுவழியில் மறித்துவிட்டன.

அடுத்து, தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து விட்டார். அது காய்ந்து பாறையாக இறுகியது. ரயில் ஓடினால் பலகையே அதிர்ந்து, தொப்பூர் இறக்கத்தில் காலி லாரி வருவதுபோல் கடகடத்தது.

அதே வரிசையில் குடியிருக்கும் மாதையனும் பானுமதியும் கவுஸிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். ரயிலே வராத ஊரில் ரயில் சத்தத்தால் தூக்கம் போச்சு என்பது அவர்கள் வழக்கு. இந்த மாதத்துக்குள் அவர் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் நாங்கள் காலி செய்கிறோம் என்றார்கள்.

பழைய குடித்தனக்காரரை வெளியே அனுப்ப கவுஸுக்கு மனசு வரவில்லை. சேலத்தில் விசாரித்து, ரப்பர் பாலில் செய்த பசை ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். காய்ந்தாலும் மெத்தென்று இருக்கும், சத்தத்தை விழுங்கிவிடும். அந்த டப்பாதான் இப்போது திரும்பி வந்திருக்கிறது.

"அண்ணே, சத்தம் வரக்கூடாதுன்னுதான இதக் குடுத்தேன்?"

"தெரியுது பாய். எனக்கு வெள்ளப் பசையே குடுங்க. அதவிடக் கெட்டியா காயறது இருந்தாலும் காட்டுங்க."

கவுஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வயசான காலத்தில் வீடு போனால் எங்கே போவார் என்று தான் கவலைப்பட, இந்த மனுஷன் சத்தத்துக்கு அலைகிறாரே. நேரில் பார்த்து முடிவு கட்டிவிடலாம் என்று கூடவே கிளம்பினார்.

உள்ளே பலகையைப் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார் சென்றாயன். சுவிட்சைத் தட்டினார். ரப்பர் பசை விட்டுப் பார்த்திருந்த ஒரு முழம் தவிர, மற்ற இடமெல்லாம் ரயில் கடகடவென்று ஓடியது. இதையாவது தள்ளிப் போடக்கூடாதா என்று கவுஸ் ஆரம்பித்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் தொம் தொம் என்று இடியும், கூடவே ஒரு நீண்ட அலறலும் கேட்டன.

கவுஸ் பயந்துவிட்டார். "அது யாருண்ணே?"

"பக்கத்து வூட்டு சுகுணாவோட பொண்ணு. அதுக்குப் பேச்சு வராது பாய். சந்தோசம்னாலும் கத்தும், கோவம்னாலும் கத்தும். சொன்னா வூடு குடுக்க மாட்டீங்கன்னு உங்ககிட்ட மறச்சிட்டாங்க."

அவர்கள் குடிவந்தும் இரண்டு மாதம்தான். "இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார் கவுஸ்.

"எங்க கேக்கும்? ரயிலு ஓடுதில்ல."

சுவரை யாரோ தட்டினார்கள். "அண்ணே, கொஞ்ச நேரமாச்சும் நிறுத்துங்களேன், காது போவுது" என்று சுகுணாவின் குரல் எரிந்து விழுந்தது.

சென்றாயனின் முகம் மலர்ந்துவிட்டது. "நாலு வூட்டுல காலி பண்ணச் சொல்லி, அஞ்சாவதா இங்க வந்திருக்கு பாய். வந்ததிலேர்ந்து என்னப் பாத்தாலே மன்னிச்சிக்கங்கண்ணேன்னு தலையக் குனிஞ்சிக்கும். இன்னிக்குத்தான் என்னத் திட்டுது."

கவுஸ் வெளியே வந்தார். வாசலில் பானுமதி காத்திருந்தாள். அவரைக் காலி பண்ணச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள்.

"அவர எதுக்கும்மா? அந்த ரயிலு என்னுது. காலி பண்றதுன்னா நான்தான் பண்ணணும்."